ஆர்லின் வீபியின் க்ரூஸ் கண்ட்ரோல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சனிக்கிழமை மதியம் பனிக்கால டயர் மாட்டக் காத்திருந்தபோது மெக்கானிக் டோரீன் சொன்னாள். அன்று காலை நடந்தது. கேட்டு முடித்தபோது என் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிருந்தது.

நான் எழுதுவது குடும்பக் காதல் கதைகள். கடைசிப் பக்கத்தில் கைகோர்ப்பார்கள். இதையும் அப்படித்தான் தொடங்கினேன்:

'கனடாவில், சஸ்காட்செவனின் கோதுமை வயல்களுக்கு நடுவே, நாற்பத்தாறு வருடத் தாம்பத்தியம் ஒன்று மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில்—'

வேண்டாம். அழகாக இருக்கிறது, அதுதான் சந்தேகம்.

2

ஆர்லின் வீபிக்கு எழுபத்திரண்டு வயது. பண்ணை ஊரிலிருந்து நாற்பத்தேழு கிலோமீட்டர். போன வசந்தத்தில்தான் முதல்முறையாகக் க்ளட்ச் இல்லாத கார் வாங்கினார். இந்த மாதம் அதன் க்ரூஸ் கண்ட்ரோல் மக்கர் செய்தது; வேகத்தைத் தானே பிடித்து வைத்திருந்து, பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும் வசதி அது. நூறில் போட்டுவிட்டுக் காலை எடுத்தால், இரண்டு நிமிடத்தில் தானாக விட்டுவிடும். எங்கள் சாலைகளில் அது இல்லாமல் ஓட்டுவது ஒரு தண்டனை.

பிரேக் மிதிபட்டதைக் காருக்குச் சொல்லும் சின்ன சுவிட்ச் பழுதோ என்று டோரீன் அதை மாற்றினாள். பின்னால் பிரேக் விளக்குகளைப் பார்த்தாள். தனியாக முப்பது கிலோமீட்டர் ஓட்டினாள், க்ரூஸ் ஒரு தடவைகூட விடவில்லை. ஆர்லின் ஓட்டியதும் மறுபடி விட்டது. கடைசியில் கம்ப்யூட்டரைச் செருகினாள்.

"யாரோ பிரேக்க மிதிச்சாங்க, அதான் விட்டுட்டேன்னு கார் சொல்லுது, ஆர்லின்."

"அப்ப கார் பொய் சொல்லுது."

"கார் எங்கிட்ட பொய் சொன்னதே இல்ல. கார் வச்சிருக்கறவங்கதான் சொல்லுவாங்க."

(இது நான் எழுதிய வரி அல்ல. எழுதியிருக்கலாம் என்று பொறாமை.)

3

மூன்று பேரும் நெடுஞ்சாலைக்குப் போனார்கள். ஆர்லின் ஓட்டினார். மனைவி வெர்னா பக்கத்தில். டோரீன் பின்சீட்டில், மடியில் கம்ப்யூட்டரோடு.

(வெர்னாவுக்கு முதலில் பூப்போட்ட சட்டை போட்டுவிட்டேன். டோரீன் சிரித்தாள். மாட்டுச் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் ஒரே ஜாக்கெட்டாம்.)

"விட்டுருச்சு. பிரேக்னு காட்டுது," என்றாள் டோரீன்.

"நான் தொடவே இல்லம்மா!"

வெர்னா குனிந்து பார்த்தாள். "ஆர்லின், உன் இடது கால் எங்க இருக்கு?"

"தரையில. வேற எங்க, உன் மடியிலயா?"

"பிரேக் மேல இருக்கு."

டோரீன் வெடித்துச் சிரித்தாள். நாற்பது அறுவடை கோதுமை லாரி ஓட்டிய கால், ஓய்வெடுக்கக் க்ளட்சைத் தேடிப் போகும். "இல்லாத க்ளட்சத் தேடுறீங்க! நான் பாட்டுக்கு சுவிட்ச மாத்திட்டு இருக்கேன்!" ஆர்லினும் சிரித்தார்.

(இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல நகைச்சுவைக் கதை.)

"சரி, எடு கால," என்றாள் வெர்னா.

"எடுத்துட்டேனே."

கால் அங்கேயே இருந்தது.

4

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். 'அவர் முகம்—', 'ஒரு கணம் உலகமே—'. எல்லாம் போயிற்று. டோரீன் சொன்னதையே சொல்கிறேன்.

ஓரமாக நிறுத்தினார்கள். வெர்னா அவர் இடது பூட்சை இழுத்தாள், வரவில்லை. உள்ளே காலுறை ரத்தத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. பூட்சின் அடியிலிருந்து ஒரு கூரை ஆணி ஏறி, பாதத்துக்குள் நின்றது.

"எப்ப குத்திச்சு?"

ஆர்லின் யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "செவ்வாய்க்கிழம கோழிக்கூட்டுக் கூரைய சரிபண்ணேன்."

நாலு நாள். ராத்திரி பூட்சை இழுத்துக் கழற்றி, காலையில் மறுபடி அதே ஆணிமேல் மாட்டி நடந்திருக்கிறார்.

"வலிக்கலயா?"

"எது?"*

* பதினோரு வருடச் சர்க்கரை. நரம்பு செத்துப்போன கால். இது தெரிந்தால் டாக்டர் லைசென்ஸ் அலுவலகத்துக்கு எழுதியாக வேண்டும்.

அந்த 'எது'வை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவு எழுதினேன்: வெர்னா சாவியை வாங்கிக்கொள்கிறாள், இனி அவள் ஓட்டுவாள், கைகோர்ப்பு. இன்று திங்கள் காலை டோரீன் ஃபோன் செய்தாள். சனிக்கிழமை நர்ஸ் கட்டுப் போட்டதோடு சரி. டாக்டரைப் பார்க்க இன்று டோரீன்தான் இருவரையும் கிளினிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள், அங்கிருந்துதான் பேசினாள். என் முடிவைப் படித்துக் காட்டினேன்.

"வெர்னா எப்படி ஓட்டுவா? ரெண்டு வருஷம் முன்னாடி சமையக்கட்டுல வலிப்பு வந்து விழுந்தாளே. யார்கிட்டயும் சொல்லாதன்னு ஆர்லின் கையப் புடிச்சுக் கெஞ்சினா. அவர் அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிட்டார். அவ லைசென்ஸ் போச்சு. ஒரு மாசம் அவர்கூட பேசல."

ஆர்லினின் லைசென்ஸும் போனால் அந்தப் பண்ணையில் யாரும் இருக்க முடியாது. விற்றுவிட்டு ஊருக்குள் இரண்டு அறை வீடு.

"இப்ப என்ன நடக்குது?"

"தெரியல. உள்ள இருக்காங்க. கதவு சாத்தியிருக்கு."

6

ஆகவே உள்ளே நடப்பது என் கற்பனை.

"ஆணி குத்தினப்ப தெரிஞ்சுதா?" டாக்டர் கேட்கிறார்.

"உயிரே போச்சு," என்கிறார் ஆர்லின்.

டாக்டர் வெர்னா பக்கம் திரும்புகிறார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அவள் உண்மையைச் சொல்வதாக எழுதினேன். எத்தனை முறை திருத்தினாலும் அவள் குரலில் பழிவாங்கல் வந்துவிடுகிறது. சொல்லாமல் இருப்பதாக எழுதினேன். இன்னொரு நாள் ஆர்லின் ஓட்டிப் போகிறார், முன்னால் ஒரு பள்ளிப் பேருந்து நிற்கிறது— அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

ஆர்லின் தன் கட்டுப் போட்ட பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெர்னாவைப் பார்க்கவில்லை. அவள் வலிப்பை அன்று அவர் டாக்டரிடம் சொன்னது அன்பினாலா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் காத்திருக்கிறார்.

நானும் டோரீனைப் போலக் கதவுக்கு வெளியேதான் இருக்கிறேன். வெர்னாவின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.