வைட்டமினுக்குக் கறுப்புப் பை

எங்கள் ஏலச்செடி மூட்டில், வேரடியில், ஒரு சிட்டிகை மண்ணெடுத்தால் இடுக்கி ஜில்லா மொத்தத்துக்கும் வாய்ப்புண் ஆறிவிடும். மிச்சத்தைப் போடிமெட்டு வழியாக இறக்கினால் தேனிக்கும் ஆகும். இதைச் சொன்னதும், வண்டன்மேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஜோமோன் தராசை விட்டுவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, போன வாரம் உங்க தோட்டத்து ரத்த அட்டை ஆட்டுக்குட்டியை இழுத்துட்டுப் போச்சுன்னீங்க."

"அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுடா. இது நிசம்."

சங்கதி இதுதான். என் தம்பி மகள் ஜீவிதா, மண்ணில் வாழும் பூஞ்சைகளில் எது வாய்ப்புண் ஆற்றும் பி2 வைட்டமினை உண்டாக்கும் என்று மூன்று வருடமாகத் தேடுகிறாள். உண்டாக்கினால், பூஞ்சை வளரும் நீர் மஞ்சளாகும். முப்பத்தொன்பது பூஞ்சை பார்த்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. நாற்பதாவது எங்கள் மண்ணில் எடுத்தது. திங்கட்கிழமைக்குள் அதுவும் நிறம் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர். அந்த வாரம் பார்த்துக் கல்லூரியில் சமரம், வேலைநிறுத்தம் என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளை குடுவைகளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

வீட்டில் ஒரே மேசை, அதுவும் ஜன்னலோரம். மூன்றாம் நாள் குடுவைகளில் லேசாக மஞ்சள் தட்டியது. வெயில் ஏறியதும் வெளுத்துவிட்டது. நான்காம் நாளும் அதே கதை. "இதுவும் போச்சு பெரியப்பா" என்று சோற்றைத் தொடாமல் எழுந்து போனாள்.

எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. முப்பத்தொரு வருடம் ஏலக்காய் உலர்த்தி ஓய்வு பெற்றவன். உலர்ந்த காயில் வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும் என்று கறுப்புப் பையில் போட்டுத்தான் மூட்டை கட்டுவோம். நிறம் வெளுப்பதைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. குடுவை ஒவ்வொன்றுக்கும் கறுப்புப் பையைத் தளர்வாக மாட்டிவிட்டேன். எந்த மகாராஜாவுக்கும் அப்படியொரு சட்டை அமைந்திருக்காது.

ஞாயிறு காலை, "ஐயோ, யாரு இதைத் தொட்டது?" என்று கத்திக்கொண்டே ஜீவிதா ஒரு பையை உருவினாள். கத்தல் பாதியில் நின்றது. உள்ளே மாம்பழச் சாறு மாதிரி மஞ்சள்.

"வெளிச்சம் பட்டா பி2 சிதைஞ்சிரும்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவ நான். ஜன்னல்ல கொண்டுபோய் வச்சிருக்கேன் பாருங்க!" சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. என் கையை மட்டும் விடவில்லை.

அழுகல் நோய்க்காக ஆயுசு முழுக்கப் பூஞ்சையைத் திட்டியவன் நான். அன்றைக்கு அந்தச் செடி மூட்டுக்குப் போய், யாரும் பார்க்காதபோது கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பேராசிரியர் போனில், "நிறம் மட்டும் போதாது. புற ஊதா விளக்கில் ஒளிர்கிறதா பார்" என்றாராம். கள்ளநோட்டு பார்க்கும் அந்த விளக்கு ஊரில் ஜோமோனிடம்தான் உண்டு. அதைக் கேட்கக் கடைக்குப் போய்த்தான் அந்த ஆட்டுக்குட்டிப் பேச்சை வாங்கிக்கொண்டேன்.

"லட்டுக்குப் போடுற கலர்ப்பொடியைக் கலக்கியிருப்பீங்க" என்றவன், விளக்கோடு அதே பொடியை ஒரு கிளாஸ் நீரில் கலக்கியும் கொண்டுவந்தான். பட்டப்பகலில் மூன்று பேரும் ஒரு கம்பளிக்குள் தலையை நுழைத்தோம்.

கிளாஸ் இருண்டே கிடந்தது. குடுவை மட்டும், பிஞ்சு ஏலக்காய் நிறத்தில், உள்ளே நிலா முளைத்ததுபோல் ஒளிர்ந்தது. ஜீவிதா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்டெ மாதாவே!" ஜோமோன் விளக்கை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தான். பிறகு கம்பளிக்குள்ளிருந்தே சொன்னான்:

"நடந்தது நிசம் அண்ணே, என் கண்ணால பார்த்தேன். ஆனா அந்த ஆட்டுக்குட்டியை மட்டும் ஒத்துக்க மாட்டேன்."