முகம் மூடும் கை

"எனக்க மொகத்த மூடுதது அவனாக்கும், கேட்டியா ஜின்சி?"

"ஆரு?"

"ஈசாக்கு. எனக்க ஒடப்பெறந்தவன்."

"அம்மைக்கு என்ன, காய்ச்சலு தலைக்கு ஏறிப்போச்சா? அந்த மனுசனுக்க கை ஒங்க மேல படாது. நான் உயிரோட உண்டு."

"ஏறல்ல மக்களே. மூடணும்னா பாக்கணும்லா? நான் கேட்டதா அவன்கிட்டச் சொல்லு. பின்ன, முடிய நல்லா வாரிக் கெட்டி விடு. தலைய விரிச்சுப் போட்டு மாதாவுக்க முன்ன போவ எனக்கு வெக்கம்."

கார்த்திகைத் திங்களின் மழைமாலை ஒன்றில், நோய்ப்பாயில் கிடந்த திரேசம்மாள் இவ்வாறு கேட்டபோது, கடைமகள் ஜின்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வேண்டுகோளை அன்றுமுதல் ஒருவரிடமும் சொல்லாது, விழுங்கவும் இயலாமல் உமிழவும் இயலாமல், தொண்டையில் தைத்த மீன்முள்ளைப் போலச் சுமந்து வந்தாள்.

நல்லீர், நெய்யாறு தன் நெடும்பயணம் முடிந்து பூவாற்றுக் கழிமுகத்தில் கடலின் மடியிற் சாயும் நாடு அது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, வாழையும் மரச்சீனிக் கிழங்கும் செழித்த சரிவுகளில், தமிழும் மலையாளமும் ஒரே கிணற்றில் நீர்முகந்து ஒரே வழியில் வீடு திரும்பும் சிற்றூர்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில், குன்றின்மேல் எழுந்த கத்தோலிக்கக் கோயிலின் பின்புறத்துக் கல்லறைத் தோட்டத்தில், பங்குனி வெயில் சாயத் தொடங்கிய பிற்பகற் பொழுதில், ஊரே திரண்டு நின்றது. நடுவே, திறந்த பெட்டியினுள், வாரிக் கட்டிய நரைமுடியும் விரல்களிற் சுற்றிய செபமாலையுமாகத் திரேசம்மாள் கண்வளர்ந்தாள். தலைமாட்டில் ஜின்சி நின்றாள். அவள் கையில் பாலராமபுரத்துத் தறியில் நெய்த வெண்துணி ஒன்று மடிந்திருந்தது.

அவ்வூரில் இறந்தோர் முகத்தை இறுதியாக ஒரு துணியால் மூடுவர். மூடிய முகத்தை எவர் வந்து அழுதாலும் மீண்டும் திறவார். பிறந்த வீட்டார் கொணரும் கோடித்துணியும் அதற்கு முன்னரே சாத்தப்படல் வேண்டும். இவ்வழக்கைத் திரேசம்மாளைப் போல் அறிந்தவர் அங்கு எவருமிலர். கொத்தனான கணவன் லாசர் இளமையிலேயே சாரத்திலிருந்து விழுந்து மாண்டபின், பசுக்களை வளர்த்துப் பால் விற்று நான்கு மக்களையும் ஆளாக்கிய அவள், விடியற்பூசை தவறாதவள். சாவு விழுந்த வீட்டிற்கு அழையாமலே செல்பவள். சமயம் கேளாள், குலம் கேளாள்; சீழ்பிடித்த உடலாயினும் தன் குழந்தையை நீராட்டுவதுபோல் வெந்நீரால் துடைத்து, நகக்கண்ணின் அழுக்கையும் நீக்கி, ஆடை உடுத்தி, இறுதியில் முகம் மூடிக் கொடுப்பாள். ஊரார் முகங்களையெல்லாம் மூடிய அவளுக்கு, பெற்ற தாயின் முகத்தை மூடுவது இருக்கட்டும், காண்பதற்கே வாய்க்கவில்லை.

தனுவச்சபுரத்துப் பழைய புரொட்டஸ்தாந்து மிஷன் சபைக் குடும்பமொன்றில் சத்தியபாயாகப் பிறந்தவள், லாசரை விரும்பி அவனது கத்தோலிக்க நெறியேற்றுத் திரேசம்மாளான நாளில், அண்ணன் ஈசாக் அவளை இறந்தவளாக எண்ணித் தலைமுழுகினான். பின்னாளில் தாய் மறைந்த செய்தி கேட்டு, ஏழு வயது ஜின்சியை இழுத்துக்கொண்டு அவள் ஓடியபோது, ஈசாக் வாயிலிலே மறித்தான். "ஒருக்க மொகத்தக் காட்டு அண்ணா" என்று அவள் கைகூப்பினாள். அவனோ அவள் கண்ணெதிரே உள்ளே சென்று, தாயின் முகத்தைத் தன் கையால் மூடிப் பெட்டியையும் அடைத்தான். அடைத்த ஓசை சிறுமியின் செவியில் ஆணியாக இறங்கிற்று. திரேசம்மாள் அதன்பின் அண்ணனைப் பழித்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவள் சொல்லாத வசைகளையெல்லாம் மகள் சேர்த்து வைத்தாள். உலைக்களத்து நெருப்பைப்போல் அவியவிடாமல் ஊதி ஊதிக் காத்தாள். இன்று அதற்கு நாள் வாய்த்தது.

அண்டைவீட்டு ஜெயச்சந்திரன், தன் தகப்பனைத் திரேசம்மாள் குளிப்பாட்டிய நன்றியை மறவாதவன், மூச்சிரைக்க வந்து குனிந்தான்.

"ஜின்சி, கெழவன் ஓட்டோவுல வந்து எறங்கியாச்சு. கையில கோடி உண்டு. வேகம் மூடு பிள்ளே."

"இப்பம் இல்ல."

"பின்ன எப்பம்? கிட்டத்துல வந்துட்டா ஒன்னும் செய்ய ஒக்காது."

"கிட்டத்துல வரட்டும் அண்ணா. அவரு பாக்க மூடணும். எங்கம்மை பாத்துட்டு நின்ன மாதிரியே."

பங்குத்தந்தை இறுதி வேண்டலை முடித்துப் புனிதநீர் தெளித்தார். மக்களும் பேரர்களும் நெற்றியில் முத்தமிட்டு விலகினர். கூட்டம் பிளந்து வழிவிட, தடியூன்றிய முதியவர் ஒருவர், காய்ந்த தென்னோலைபோல் நடுங்கி வந்தார். ஜின்சி துணியை விரித்தாள். இரையின் மேல் சிறகை விரித்த பருந்தாயிற்று அவள் நெஞ்சம். இன்னும் நான்கடி, இன்னும் இரண்டடி. அவர் கேட்கட்டும், கைகூப்பட்டும், அந்த நொடியிலே முகத்தை மூடுவேன் என்று காத்திருந்தாள்.

அவரோ கேட்கவில்லை. பெட்டிக்கு ஓரடி முன்னர் நின்று, தலையை அப்பால் திருப்பிக்கொண்டு, கோடித்துணியைக் காற்றில் நீட்டினார்.

"மூடு மக்களே."

ஜின்சி திகைத்தாள். "என்னது?"

"மூடிரு பிள்ளே. மொறை தப்புனாலும் போவட்டு, நீ மூடின பெறவு இதக் கொண்டு மேல போட்டுட்டு நான் போவேன். அவளுக்க மொகத்த என்னால பாக்க ஒக்காது. ஒன் காலப் பிடிக்கேன், மூடு."

கூட்டத்தில் எவரோ உச்சுக்கொட்டினர். "மூடு, மூடு" என்று ஜெயச்சந்திரன் முணுமுணுத்தான். ஜின்சியின் கை துணியோடு அந்தரத்தில் நின்றது. இத்தனை ஆண்டுகள் தீட்டிய வாள், பகைவன் விரும்பிய பரிசாய் மாறிப்போனதை அவள் கண்டாள். இப்போது மூடினால் அவர் தப்பிப்பார். மூடிய துணியின் இப்புறத்தே நின்று, காணாத முகத்திற்குக் கோடி சாத்தி, கடன் தீர்ந்ததென வீடு திரும்புவார். மூடணும்னா பாக்கணும்லா என்று கேட்ட தாய், மன்னித்தாளோ, தண்டித்தாளோ? ஊர்ப்பிணங்களின் முகங்களையெல்லாம் அஞ்சாமற் பார்த்த அவள், பார்ப்பது எத்துணைப் பெரிய வேலை என்பதை அறிந்திருந்தாள் என்பது மட்டும் மகளுக்கு விளங்கிற்று.

பழிக்கும் பரிவுக்கும் இடையே ஒரு துணியின் கனமே உண்டு, நல்லீர். அதன் எப்பக்கத்தில் நாம் நிற்கிறோம் என்பதைச் சிலவேளை இறந்தோரே அறிவர்.

ஜின்சி குனிந்து, முதியவரின் கையை இறுகப் பற்றினாள். வெண்துணியை அதில் திணித்தாள். கண்ணீர் வழிந்தும் குரல் கல்லாகவே இருந்தது. ஊர் முழுவதும் கேட்கப் பேசினாள்.

"திரும்பும் மாமா. அம்மைக்க மொகத்த நல்லாப் பாரும். அத மூடுததுக்கு ஒம்ம கையத்தான் அம்மை கேட்டா."