இரண்டு பேர் உட்காரும் வண்டி

மருமகள் அத்தையின் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு, ஒர்க்‌ஷாப்பின் பின்கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். அத்தையின் உடம்பில் எடையே இல்லை.

"மெதுவா. படி இருக்கு" என்றாள் அத்தை.

தாங்கிப் பிடித்து நடத்துகிறவளுக்கே வழி சொல்கிற ஆள் அவள். முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டுவதற்கு உயிரைக் கொடுத்தே காலம் போய்விட்டது. மருமகளும் கல்யாணமான புதிதில் அவளிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டப் பழகினாள்.

இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சாப்பாட்டைத்தான் நினைத்திருப்பார். அத்தை கேட்டதோ கார். மெக்கானிக்கின் கொட்டகையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேட்பாரற்றுக் கிடக்கிறதாம். வாங்கிச் சரிபண்ணலாமா என்று பார்க்க வேண்டுமாம். கணவன் சமையலறைக்கு வந்து, இருக்கிற இருப்பில் இது ஒன்றுதான் குறைச்சலா என்று குமுறினான்.

"பாக்கத்தானே கேக்குறாங்க" என்று சொல்லி அவள் சாவியை எடுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் தார்ப்பாயை உருவினான். தரையோடு தரையாகப் படுத்திருந்தது வண்டி. சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது காய்ந்த செங்கல் நிறம். ஒரு விளக்கைக் காணோம். இரண்டே சீட்டு. அதில் ஒன்றைப் பிய்த்து எலி குடும்பம் நடத்தியிருந்தது. அடித்தகடு அரித்துப்போன ஓட்டை வழியே ஒரு செடி உள்ளே எட்டிப் பார்த்தது.

எஞ்சின் ஜாம் ஆகியிருக்கிறது, ஆனால் பிரித்துப் போட்டால் தேறும். அடித்தகடு முழுக்க வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். சில சாமான்களை வெளிநாட்டில் தேட வேண்டும் என்று மெக்கானிக் ஒளிக்காமல் சொன்னான். எவ்வளவு காலம் ஆகும் என்று அத்தை கேட்டதும் அவன் மருமகளைப் பார்த்தான். அவள் அந்தச் செடியைப் பார்த்தாள்.

"என்னைப் பாத்து சொல்லுப்பா."

"ரெண்டு வருஷம் ஆகும்மா."

அத்தை தலையாட்டிவிட்டு, உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். சாக்கு விரித்து, இரண்டு பேருமாக அவளை ஸ்டியரிங் முன்னால் இறக்கினார்கள். மருமகளையும் பக்கத்தில் ஏறச் சொன்னாள். முன்கண்ணாடியில் ஒன்றும் தெரியாத அளவுக்குப் புழுதி. அதன் வழியே சாலை தெரிகிற மாதிரி அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகளின் கால் தரையில் எங்கேயோ அழுந்தியது.

"உன் பக்கம் பிரேக் கிடையாது. நிம்மதியா உக்காரு."

பிறகு கியரைப் பிடித்து, முகம் சுளித்து, பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தாள். 'டக்'கென்று விழுந்தது. அத்தை சிரித்தாள். இந்த நாலு மாதத்தில் அந்தச் சிரிப்பை யாரும் பார்த்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல வண்டி. ஆனா வேணாம்மா" என்றாள்.

"ஏன் அத்தை?"

"நான் வாங்கி உன் தலையில கட்டிட்டுப் போறதா? பாத்தாச்சு, போதும்."

மருமகளுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிடமே, துணிக்கொடியைக் கழற்றிவிட்டால் வண்டியை வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தலாம் என்று தான் எப்போதோ இடம் பார்த்துவிட்டது உறைத்தது.

திரும்பும் வழியில் அத்தை தலையைச் சாய்த்துக்கொண்டாள். காற்று படட்டும் என்று ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாள். மார்க்கெட் முனையில் மருமகள் ஏதோ நினைப்பில் இண்டிகேட்டர் போடாமல் திரும்பிவிட்டாள். பின்னால் ஒருவன் ஹாரனை அலறவிட்டான். பக்கத்திலிருந்து திட்டு வரவில்லை.

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். அத்தையின் கையைத் தொட்டுப் பார்த்தாள், மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டு, ஒழுங்காக வண்டியை எடுத்தாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் துக்கம் கேட்க வந்த மெக்கானிக்கிடம், வண்டியைக் கொண்டுவரச் சொன்னாள். கணவன் நிமிர்ந்தான்.

"அம்மாவே வேணாம்னாங்கன்னு சொன்னியே?"

"அவங்களுக்கு வேணாம்னாங்க. எனக்கு வேணுங்க."

"யாரு ஓட்டப்போறா?"

"நாந்தான்."

அவன் மெக்கானிக்குக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அந்த வாரக் கடைசியில் லாரி வண்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. சக்கரம் சுற்ற மறுத்தது. ஊருக்குக் கிளம்பாமல் மிச்சமிருந்த கணவனின் சித்தப்பாவும் அத்தையின் இரண்டு தங்கைகளும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மருமகள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். தேய்த்த சட்டையோடு வாசலுக்கு வந்த கணவன் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு கைகள் இரண்டையும் வண்டியின் பின்பக்கத்தில் ஊன்றினான். தங்கைகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனோடு சேர்ந்துகொண்டார்கள். வண்டி கிறீச்சிட்டு, அரையடி நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது.

பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தியதும் டீ வந்தது. கையைக் கழுவிட்டுக் குடிப்பா என்றார் சித்தப்பா. அப்புறம் கழுவிக்கறேன் என்று கணவன் வாசற்படியில் உட்கார்ந்தான். பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. துரு அப்பிய இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்மேல் மல்லாத்தி வைத்தபடி, அவன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.