ஊரார் தராசு

நிலக்கோட்டை அருகே, பூ விளைவிப்போரே பங்கு போட்டுக் கட்டிய விற்பனைக் கொட்டகையின் முதல் நாள். தலைவி சிவனம்மாள் விளக்கேற்றி, முதற்கூடையை எதிர்நோக்கி நின்றாள். வாசலிலோ வெளியூர் வியாபாரி வேனை நிறுத்திக் கூடுதல் விலை கூவினார். மல்லிகையெல்லாம் வேனேறிவிட்டால் கொட்டகையை இன்றே மூடவேண்டியதுதான்.

பூ விளைவிக்கும் கருப்பம்மாள் கூடையோடு வர, வியாபாரி வேனிலிருந்தே அழைத்தார்.

“ஆத்தா, அவுகளவிட அதிகம் தாரேன்!”

“இன்னைக்குத் தருவ அப்பு. ஆடியில வெல விழுந்தப்ப போன் போட்டா எடுத்தியா? அம்புட்டுப் பூவையும் குப்பையிலதான கொட்டுனேன்!”

அவள் பின்னால் கூடைகளோடு நின்ற வரிசையே சிரித்தது. உள்ளே வந்தவள், ஊர் வழக்கப்படி முதற்கைப் பூவை விளக்கருகே இருந்த அம்மன் படத்துக்குச் சாத்திவிட்டு, மீதியை ஊரார் தராசில் நிறைத்தாள். பின்னே கூடைகள் நிரைநிரையாய் வந்தன.

வெறும் வேனை விட்டிறங்கி வியாபாரி வந்தார். “ஏக்கா, ஒங்க வெல என்ன?”

சிவனம்மாள் தலைநிமிர்ந்தாள். “சொல்றேன் அப்பு. வரிசையில வாங்க.”