ஏழு பச்சையானால்

தென்காசியில் இன்டர்நெட் கம்பெனி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் நெட்டை ஒரே தட்டில் சாகடித்தான் பாண்டிராஜ். அங்கே நெட்டை அறை அறையாகப் பிரித்தனுப்பும் சுவிட்ச் பெட்டியில் ஏழாம் போர்ட்டை அணைத்து எழுப்ப வேண்டியவன், எட்டை அணைத்துவிட்டான். எட்டு வழியாகத்தான் லாட்ஜுக்கே நெட் வருகிறது; அவனும் ஆபீஸிலிருந்து அதன் வழியாகத்தான் உள்ளே போயிருந்தான். ஏணியில் நின்றுகொண்டே ஏணியை உதைத்த புத்திசாலி. இனி நேரில் போய், சுவிட்சின் கன்சோல் துளையில் வயரைச் செருகினால்தான் உண்டு.

"யார் வீட்டு வெளக்க அணைச்சலே?" என்றான் பக்கத்து மேசை மாரிச்செல்வம்.

"லாட்ஜுல. சாமிமாரு போனப் பாக்காம அருவியப் பாக்கட்டும்னு ஒரு புண்ணியம்."

ஏழாம் போர்ட்டை ஏன் தொட்டான் என்று மட்டும் சொல்லவில்லை. அது லாட்ஜின் கணக்கு அறைக் கம்ப்யூட்டருடையது. கணக்கு எழுதுவது அனுசியா, அவன் பெண்டாட்டி. தலை ஆடிக்குக் குத்துக்கல்வலசையில் அம்மா வீட்டுக்குப் போனவள், கார்த்திகை பிறந்தும் திரும்பவில்லை. மாமியார் முதலில் ஆவணி என்றாள். அப்புறம் புரட்டாசியில் எப்படி அனுப்ப என்றாள். அனுசியா "பாப்போம்" என்பாள். பிறகு போன் எடுப்பதும் குறைந்தது. காலையில் ஆபீஸ் திரையில் ஏழு பச்சையானால் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அவனுக்கு டீ தொண்டையில் இறங்கும். கட்டின பெண்டாட்டியையே வேவு பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டோம் என்று தன்னையே கேலி செய்துகொள்வான். இன்று மதியம்வரை பச்சை வரவில்லை.

மழையில் பைக்கை ஓட்டிப் போய்ச் சேர்ந்தான். லாட்ஜ் வராந்தா முழுக்க ஈர வேட்டியோடு ஐயப்ப சாமிமார். கணக்கு அறையில் அனுசியா இருந்தாள், கம்ப்யூட்டரைப் போடாமல், மேசை டிராயரைக் காலி செய்துகொண்டு. சுவரிலிருந்த அந்த நெட் சுவிட்ச் பெட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, வயரைச் செருகி எட்டை எழுப்பினான். வெளியே போன்கள் ஒவ்வொன்றாகக் கத்தத் தொடங்கின.

"வேணும்னுதான அணைச்சிய?"

"அவ்ளோ மூள இருந்தா நான் ஏன் இங்கன தரையில கெடக்கேன்?"

அவள் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதில் பாதிக்கே சிரிப்பாள்.

"ஏன் கம்ப்யூட்டர் போடல?"

"இன்னியோட வேலைய விடுதேன். கோயம்புத்தூர்ல ஒண்ணு கெடச்சிருக்கு."

கோயம்புத்தூரைப் பற்றி நாக்கு நுனிவரை வந்த ஒரு தமாஷை விழுங்கினான். அது இறங்க நேரமெடுத்தது.

"அனு, வீட்டுக்கு வருவியா, மாட்டியா? பாப்போம்னு மட்டும் சொல்லாத."

அவள் டிராயரை மூடினாள். வந்து அவன் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"மாட்டேன். உங்க மேல கோவமில்ல. அழுதுகிட்டு ஒண்ணச் சொல்ல வருவேன், சிரிக்க வச்சு அனுப்பிருவிய. சொல்ல வந்தது அப்பிடியே நின்னுரும். எத்தனையத்தான் நான் உள்ள வச்சிக்கிட்டிருக்க? இனி வரமாட்டேன். காத்துக் கெடக்காதிய."

அவன் சட்டையிலிருந்து வடிந்த மழைத் தண்ணீர் தரையில் மெல்ல ஓடி அவனுடைய லேப்டாப் பையைத் தொடப் போனது. அனுசியா அதைப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கித் தன் நாற்காலிமேல் வைத்தாள்.