தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் நின்றுபோன வார்த்தை

டயர் கடைக்காரன் பஸ் ஓட்டுநரைப் பார்த்துக் கத்திய வார்த்தை, மற்ற வார்த்தைகளைப் போலக் காற்றோடு போகாமல், தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்திலேயே நின்றுவிட்டது. நிழற்கூரைக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவில், ஓர் ஆள் உயரத்தில் நின்றது. யார் அந்த இடத்தைக் கடந்தாலும், அவனுடைய குரலிலேயே, அவன் கத்திய அதே வேகத்தில், கடப்பவர் முகத்துக்கு நேராகச் சொன்னது. மழை பெய்தால் குரல் கொஞ்சம் கம்மும்; வெயில் வந்தால் தெளிந்துவிடும். ஓட்டுநரின் நிறத்தையும் ஒரு மிருகத்தையும் முடிச்சுப் போட்ட வார்த்தை அது. இங்கே எழுதத் தேவையில்லை. கேட்டே தீரவேண்டும் என்பவர்கள் அந்த நிறுத்தத்துக்குப் போய்க்கொள்ளலாம்.

நடந்தது இவ்வளவுதான். காலை நேர நெரிசலில் அவன் ஒரு லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றப் பார்த்தான். கூட்டத்தில் டயர் ஏற்றக் கூடாது என்று ஓட்டுநர் சொன்னாள். அவளுக்கு முன்பு அந்தத் தடத்தில் ஓட்டியவரும் அதையே சொல்லியிருக்கிறார், அவன் முணுமுணுத்தபடி இறங்கிப் போயிருக்கிறான். ஆனால் அவர் அவன் நிறம். இவளோ, தாத்தா காலத்தில் தண்டவாளம் போடக் கப்பலில் வந்த கூட்டத்தைச் சேர்ந்தவள். இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் படித்து, இதே ஊரின் சந்துபொந்தெல்லாம் பஸ்ஸை வளைத்து ஓட்டியவள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவனுக்குக் கணக்கில் வரவில்லை. அந்த வார்த்தையைக் கத்தினான். கையிலிருந்த சக்கர ஸ்பேனரை ஓட்டுநர் ஜன்னல் வழியாக ஓங்கி இறக்கினான். தோள்பட்டை எலும்பு உடைந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். போலீஸ் கேட்டபோது, ஏதோ சத்தம் கேட்டது, என்னவென்று புரியவில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

நிறத்துக்காக ஒருவரை அடித்தால் அது தனிக் குற்றம், தண்டனையும் கூடுதல் என்று அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. கைதட்டலோடு நிறைவேறிய சட்டம். காவல் நிலையத்தில் அது டீ பிளாஸ்குக்குப் பின்னால், பிரிக்காத தாளோடு, அலமாரியில் சுகமாக இருந்தது.

"அடிச்சதுக்குக் கேஸ் போட்டாச்சும்மா. நிறத்துக்காகத்தான் அடிச்சான்னு சொல்றதுக்குச் சாட்சி வேணுமே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாட்சி அங்கேயேதான் சார் நிக்குது. ஒரு நடை வந்து கேளுங்க."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அவள் கணவனுக்கு இதில் இஷ்டமில்லை. கட்டுப்போட்ட தோளுக்குத் தலையணை வைத்துக்கொண்டே, "விட்டுடேன். எலும்பு கூடினாப் போதும். நாம கோர்ட்டு வாசல்ல நிக்கிற ஆளுங்களா?" என்றான்.

"எலும்பு கூடிடும். அப்புறம் நான்தானே தினமும் அந்த நிறுத்தத்துல கதவைத் திறக்கணும்" என்றாள். அவன் தலையணையை இன்னொரு முறை சரிசெய்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் டயர் கடைக்காரனின் நிறம்தான். ஆனால் வார்த்தை ஆள் பார்த்துப் பேசவில்லை. அவர் முகத்துக்கும் அதையே சொன்னது. அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பதிவு செய்யும் கருவியில் வண்டிச் சத்தம் மட்டும்தான் விழுந்தது. அதனால் நீதிமன்றமே நிறுத்தத்துக்கு வரவேண்டியதாயிற்று. நிழற்கூரைக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். குறுக்கு விசாரணை செய்ய முடியாத ஒன்றைச் சாட்சியாக ஏற்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். "யார் வேணாம்னா? பண்ணுங்களேன்" என்றார் நீதிபதி அம்மாள். வக்கீல் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு போய் நின்று, "உன்னைச் சொன்னது யார்?" என்று கேட்டார். அது அவரையும் சொன்னது. அவர் கண்ணாடியைத் துடைத்தார். வேறு கேள்வி இல்லை என்று திரும்பிவிட்டார். பிறகு நீதிபதி தாமே எழுந்து போய் நின்று, கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். குமாஸ்தா தயங்கியபோது, காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதச் சொன்னார். அந்த வாரமே பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் காது கேட்கத் தொடங்கியது. வரிசையில் நின்று வாக்குமூலம் கொடுத்தார்கள். அடித்த குற்றத்தோடு நிறவெறிக் குற்றமும் சேர்ந்து டயர் கடைக்காரன் சிறைக்குப் போனான். சட்டத்தின் மேலிருந்த தாளைப் பிரித்தது அப்போதுதான்.

ஓட்டுநர் வேலைக்குத் திரும்பினாள். ஜெயித்தாய் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜெயித்தவள் ஒவ்வொரு நடைக்கும் அந்த நிறுத்தத்தில் கதவைத் திறந்தாள், வார்த்தை உள்ளே எட்டிப்பார்த்துச் சொன்னது, கதவை மூடினாள். அந்த இடம் நெருங்கும்போதே தோள் வலிக்க ஆரம்பித்தது. நிறுத்தத்தை மாற்றித் தரும்படி மனு கொடுத்தாள். இதற்குள் அவன் நிறத்துக்காரர்கள், அது எங்களையும் சொல்கிறது, குழந்தைகளோடு நிற்க முடியவில்லை என்று கூட்டம் கூட்டமாகப் புகார் கொடுத்திருந்ததால், மனு வழக்கத்தைவிட வேகமாக நகர்ந்தது.

அந்த நாட்களில்தான் நிறுத்தத்தின் பெஞ்சில் ஒரு வயதான அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் கவனித்தாள். பஸ் வரும், போகும். அந்த அம்மாள் ஏறுவதில்லை. கூட்டமில்லாத ஒரு மதியத்தில் இறங்கிப்போய்க் கேட்டாள்.

"ஏறலையாம்மா?"

"எங்கேயும் போகலைம்மா. என் புள்ளை குரலைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். ஜெயிலு ரொம்பத் தூரம். இங்கேதான் கிட்டக்க இருக்கான்."

வார்த்தை இருவரையும் பார்த்துச் சொன்னது. அம்மாள் முகம் சுருங்கியது. "பெத்தவளையே சொல்றான் பாரு" என்றாள். பிறகு ஓட்டுநரின் தோளைப் பார்த்தாள், எதிரில் நிற்பது யார் என்று புரிந்துகொண்டாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நிறுத்தத்தை எடுக்கப்போறாங்களாமே. நீ சொன்னா விட்டுடுவாங்களாம்மா?" என்றாள்.

ஓட்டுநருக்கு அந்த அம்மாள்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று கோபமும் வந்தது. "உங்களுக்கு அந்தக் குரல் வேணும்மா, புரியுது. எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியை எடுத்தாள். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. மனுவைத் திரும்ப வாங்கவுமில்லை.

நிறுத்தம் பாலத்துக்கு அப்பால் போனது. நிழற்கூரையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பெஞ்சை மட்டும் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்ததால் விட்டுவிட்டார்கள். அதன்பின் அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போலப் பாவனை பண்ண வேண்டியிருக்கவில்லை. வெயிலுக்குக் குடை, குளிருக்குப் போர்வை என்று வந்துபோனாள். வருஷங்கள் ஓடின. ஓட்டுநர் ஜன்னலை ஏற்றிவிட்டு அந்த இடத்தைக் கடந்தாள். நாளடைவில் தோள் வலி மழைநாட்களோடு நின்றுகொண்டது.

டயர் கடைக்காரன் விடுதலையாகி வந்து ஒரு மாதம் ஆன பிறகு, சிக்னல் விழுந்ததில் பஸ் அந்தப் பெஞ்சுக்கு நேராக நின்றது. அவன் தலை நரைத்திருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் எதற்கென்று தெரியாமலே ஜன்னலை இறக்கினாள்.

"நான்தான் வந்துட்டேனேம்மா, எந்திரி. வீட்டுக்குப் போலாம்" என்று அவன் கெஞ்சினான்.

காற்றிலிருந்த இளமைக் குரல் அவனையும், அவன் அம்மாவையும், ஜன்னலுக்குள் இருந்தவளையும் பார்த்து அந்த வார்த்தையை ஆரம்பித்தது. அவன் பஸ்ஸைப் பார்த்தான். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாள் அவன் கையை மெல்ல விலக்கினாள்.

"இருப்பா, அவன் பேசி முடிக்கட்டும்" என்றாள்.

சிக்னல் பச்சையானது. ஓட்டுநர் கியரைப் போட்டு, பாலத்துக்கு அப்பால் காத்திருந்தவர்களை ஏற்றிக்கொள்ளப் போனாள்.