ஐந்தாவது கையெழுத்து

எனக்குக் கோபம் வந்தால் பர்மியமும் தமிழும் சேர்ந்தே வாயில் வரும். எழுபத்து நாலாம் வருஷம் முழுக்க எனக்குக் கோபம்தான். காரணம், திங்கட்கிழமை.

நாங்கள் ஐந்து பேர். ரங்கூனில் பிறந்து, அங்கே பிழைக்க வந்த தமிழர்களைக் கட்டிக்கொண்டு, அந்த ஊர் சர்க்கார் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது புருஷன்மாரோடு கப்பல் ஏறி வந்தவர்கள். புருஷன்மார் இந்தியப் பிரஜைகள். நாங்கள் அந்நியர்கள். கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் நடுவில் ஆளுக்கொரு ஊரில் குடித்தனம் செய்து, பத்து வருஷம் புழுங்கலரிசிச் சோறு தின்ற பிறகும் அந்நியர்கள்தான். என் மாமியார் எனக்கு அலர்மேல்மங்கை என்று பெயர் வைத்தார். நாக்குச் சுளுக்காமல் அதைச் சொல்ல எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. போலீஸ் புத்தகத்தில் மட்டும் நான் இன்னும் மா மியாதான்.

முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிவுப் புத்தகத்தைக் காட்டினால் போதும். அந்தத் தை மாசம் மேலிடத்திலிருந்து ஏதோ உத்தரவு வந்தது என்றார்கள். வாராவாரம் திங்கட்கிழமை காலை நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் எங்கள் மேல் கேஸ், வீட்டில் வைத்திருப்பவர் மேலும் கேஸ். ஒரு ராத்திரி வெளியூரில் தங்குவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். வேப்பம்பட்டில் என் நாத்தனார் மகளுக்கு விடியற்கால முகூர்த்தம். முந்தின நாள் தங்க அனுமதி கிடைக்காமல், தாலி கட்டி முடிந்த பிறகு போய் நேராகப் பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்கு மட்டும் வந்தவள் என்று அந்த வீட்டில் இன்றுவரை எனக்குப் பேர்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வேலைக்கல்லவா உலை வைத்தது. புதிதாக வந்த ஆணி ஃபேக்டரியில் எனக்கு பாக்கிங் வேலை. வீட்டுக்காரருக்கு நெஞ்சில் இழுப்பு வந்து படுத்ததிலிருந்து என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஒவ்வொரு திங்களும் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்துவிட்டு ஓடினால், மதியத்துக்குத்தான் ஃபேக்டரி கேட்டுக்குள் நுழைய முடியும். சூபர்வைசர் கடைசியாகச் சொல்லிவிட்டார், இனி ஒரு திங்கட்கிழமை பதினோரு மணி தாண்டினால் செவ்வாய்க்கிழமையும் வர வேண்டாம் என்று.

பொன்னேரியில் தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் மிஷினோடு உட்கார்ந்திருக்கும் பூவராகவனிடம் போனேன். நெற்றி நிறைய நாமம், வாய் நிறைய சட்டம். ஜமாபந்தி வருகிறது, கிராமக் கணக்குப் பார்க்க வரும் பெரிய அதிகாரியிடம் நேரிலேயே மனு கொடுக்கலாம், அவர் மேலே அனுப்புவார் என்றார். பழையபடி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று ஆக்கித் தரும்படி மளமளவென்று தட்டியும் கொடுத்தார். ஆனால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

"நீ ஒருத்தி கையெழுத்துப் போட்டா எவளோ புலம்பறாள்னு ஓரமா வச்சுடுவா. அஞ்சு பேரும் போட்டுக் கொண்டு வா."

அடுத்த திங்கள், ஸ்டேஷன் வாசல் புங்கமரத்தடியில் மனுவைப் பிரித்தேன். முதலில் பயந்தது முத்தம்மாள். எங்களில் மூத்தவள், மூட்டுவலியோடு அரைக்கால் மைல் நடப்பதற்குள் மூன்று இடத்தில் உட்காருகிறவள். மனு என்று போனால் நாம் இருப்பதே நினைவில்லாத பெரிய மனிதர்களுக்கெல்லாம் நம்மை நாமே காட்டிக்கொடுத்ததாகும், கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். கப்பல் டிக்கெட்டுக்கு எந்த சர்க்கார் பணம் கட்டும் என்று நான் கேட்டேன். மற்ற இருவரும் எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் முத்தம்மாளின் முழங்கால்தான் ஜெயித்தது. அவள் போட்டாள். அவள் போட்டதால் மற்ற இருவரும் போட்டார்கள். நான் போட்டேன்.

ஐந்தாவதாக இருந்த கின் தான் என்பவள் காகிதத்தை என் பக்கமே தள்ளினாள். ஊரில் அவளுக்குப் பெயர் சந்திரகலா. எங்களில் சின்னவள். ஏரிக்கரை ஓரத்துக் கிராமத்தில் நெல் விளையும் நிலபுலமுள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பரசுராமன், அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. திங்கட்கிழமைகளில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கையெழுத்துப் போட்ட பிறகும் போக மனசில்லாமல் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"நான் போடமாட்டேங்க்கா" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். முத்தம்மாள் கெஞ்சினாள். கின் தான் தலையைக் குனிந்துகொண்டு புங்கங்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு மணி ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு மேல் எனக்கு வேலை இல்லை என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது. ஏட்டு ஜெயராஜ் சில நாட்களில் எங்களுக்கு டீ வாங்கித் தருவார், நல்ல மனுஷன். அவரையும் சேர்த்து நான் இழுத்தேன்.

"ஏட்டையா வாங்கிக் குடுக்கற டீ உனக்கு அவ்ளோ ருசியா கீதா? அதுக்கா வாரா வாரம் வந்துக்கினு கீற?"

யாரோ சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தமிழில்தான் பேசினாள். ரங்கூன்காரியானாலும் அவள் தமிழ் அந்தக் கிராமத்துத் தமிழ், வேறு யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

"போன தீவாளிக்கி அப்புறம் என்ன எங்கனா பார்த்தீங்களா? சந்தைல, கோயில்ல, எங்கனா? நெல்லு மூட்ட போடற ரூம்ல கெடந்தேன். வெளில பூட்டு. அறுப்பு வரிக்கும் அங்கதான். அவரு மாமன் பொண்ணக் கட்டுனா நெலம் வருதாம். நான் ஓடிப்போய்ட்டேன்னு ஊரு சொன்னா போதுமாம். உங்கள்ல ஒருத்தராவது இன்னா ஆனா, எங்க போனான்னு கேட்டீங்களா?"

நாங்கள் கேட்கவில்லை. அவள் இல்லை என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது.

"இந்த ஆர்டர் வந்த அப்புறம்தான் பூட்டத் தொறந்தாங்க. போலீசு ஊட்டுக்கு வந்துடுமேன்னு பயம். திங்கக்கெழம வந்தா நான் உசுரோட கீறேன்னு நாலு பேரு பாக்கறீங்க. அதான் என்ன சோறு போட்டு வச்சிக்கினு கீறாங்க. அத எடுத்துடச் சொல்லி நானே கையெழுத்துப் போடவா?"

வெட்கமாக இருந்தது. ஆனாலும் என் வயிறு என் வயிறுதானே. அந்த வீட்டைவிட்டு வந்துவிடு என்றேன். எங்கே வருவது, உன் வீட்டுக்கா என்று அவள் கேட்டாள். ஒரே அறை, அதில் இருமிக்கொண்டு கிடக்கும் மனுஷன், மாமியார், இரண்டு பிள்ளைகள். நான் மனுவை மடித்தேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை ஜமாபந்தி, அடுத்த திங்கள் முடிவாகச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபேக்டரிக்கு ஓடினேன். கேட்டில் பதினொன்றுக்குச் சற்று முன்னால் நுழைந்தேன்.

வினை வேறு வழியில் வந்தது. எங்களில் ஒருத்தியின் புருஷன் பொன்னேரிச் சந்தையில் வாய் கொள்ளாமல் பேசியிருக்கிறான். மனு எழுதியாகிவிட்டது, எல்லோரும் போட்டாகிவிட்டது, இனிமேல் பர்மாக்காரிகள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம் என்று. நெல் விற்க வந்த எவரோ அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். எழுதிய மனுவுக்கும் வந்த உத்தரவுக்கும் அங்கே யாருக்கு வித்தியாசம் தெரியும்.

மறு திங்கள் நான் மரத்தடிக்கு வந்தபோது கின் தான் இல்லை. முதல் ஆளாக வருகிறவள். நாங்கள் நால்வரும் கையெழுத்துப் போட்டோம். அப்போதும் அவள் வரவில்லை. முத்தம்மாள் சாலையைப் பார்த்துக்கொண்டே என் முந்தானையைப் பிடித்திருந்தாள். ஃபேக்டரிக்கு இப்போது கிளம்பினால்தான் உண்டு. நான் கிளம்பி, சாலை முனை வரைக்கும் போய், திரும்பி ஸ்டேஷனுக்குள் நுழைந்தேன்.

அவளுக்கு ஜுரமாக இருக்கும், அடுத்த வாரம் சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டும் என்றார் ஏட்டு ஜெயராஜ். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தை அவர்தான் வாங்கிக்கொண்டார்.

"நான் ஒரு நாளு லேட்டா வந்தப்போ கேஸ் போடுவேன்னு சொன்னீங்களே ஏட்டையா. அந்தச் சட்டம் இன்னிக்கி எங்க போச்சி? ஒரு ஃபாரினரு வரல. எழுதுங்க. எழுதிட்டுப் போய்ப் பாருங்க. உங்க கடமைதானே அது."

எந்த விதியை ஒழிக்க வேண்டும் என்று மனுவை ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு அலைந்தேனோ, அதே விதிப்படி செய்யச் சொல்லி மேஜையைத் தட்டினேன். நெல் ரூம் சங்கதியையும் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். சைக்கிள் கேரியரில் நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஊர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வாசலில் நெல் காயப்போட்டிருந்தது. மாமியார் லட்சுமியம்மாள் கோழி விரட்டிக்கொண்டிருந்தாள். போலீஸைப் பார்த்ததும் கையிலிருந்த குச்சி நின்றது. உடனே சமாளித்துக்கொண்டாள். இனிமேல் வரத் தேவையில்லை என்றுதான் ஆர்டர் ஆகிவிட்டதே என்றாள். மருமகள் எங்கே என்று ஏட்டு கேட்டார்.

"சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போய்க்கீறா."

"எந்தச் சொந்தக்காரங்க? ரங்கூன்லயா?" என்றேன் நான். "இங்க அவளுக்குச் சொந்தம்னா நாங்க நாலு பேருதான். எங்க ஊட்டுக்கு வரல."

ஏட்டு சத்தம் போடவில்லை. அப்படி எந்த ஆர்டரும் வரவில்லை, அனுமதி இல்லாமல் அவள் வெளியூர் போயிருந்தால் கேஸ் அவள் மேல் மட்டுமல்ல, வீட்டுக்காரர் மேலும்தான் என்று சொல்லி, பரசுராமனை ஜீப்பில் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். திண்டாடிப்போனது பரசுராமன்தான். அம்மா முகத்தைப் பார்த்தான், ஏட்டு முகத்தைப் பார்த்தான். இடுப்பு அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தான். பத்து வருஷத்தில் அவன் அம்மாவைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

கதவைத் திறந்ததும் நெல்லுமியின் தூசி முகத்தில் அடித்தது. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடியிருந்தது. பதிவுப் புத்தகத்தை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள். அடித்துப் பிடுங்கப் பார்த்திருக்கிறார்கள், விடவில்லை.

"இன்னிக்கி திங்களாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

தண்ணீர் குடிக்கவைத்த பிறகு, ஏட்டு தன் நோட்டை எடுத்துக்கொண்டு தயங்கினார். அடி பட்டதற்கு அவள் சொன்னால் தனியாகக் கேஸ் எழுதுவதாகவும், அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி அவள் எங்கே இருப்பாள் என்று அவர் எழுதியாக வேண்டும் என்றும் சொன்னார். அந்நியருக்கு விலாசம் இல்லாமல் இருக்கக் கூடாது. இங்கேயேதான் என்று பரசுராமன் முனகினான். கின் தான் என்னைப் பார்த்தாள். போன வாரம் மரத்தடியில் உன் வீட்டுக்கா என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை.

வீட்டுக்காரரைக் கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்பார். யோசித்து முடிக்க ஆடி பிறந்துவிடும்.

"எங்க ஊடுதான் ஏட்டையா" என்றேன். "விலாசம் மாத்தம்னு எழுதுங்க."

"புருஷன் சம்மதிக்கணுமேம்மா."

"புத்தகம் யாரு பேருல கீது? அவ பேருலதானே? கையெழுத்துப் போட வாரா வாரம் அவளத்தானே கூப்புட்டீங்க? புருஷனக் கூப்புடலயே."

அவர் பேனா மூடியைத் திருகினார். பிறகு எழுதினார். என் வீட்டு எண், தெரு, ஊர். லட்சுமியம்மாள் என்னென்னவோ சொன்னாள், நான் பதிலுக்கு ரங்கூன் மார்க்கெட்டில் கற்றுக்கொண்டதையெல்லாம் சொன்னேன். நல்லவேளை, அது யாருக்கும் புரியவில்லை.

ஏரிக்கரையில் ஏட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நாங்கள் பக்கத்தில் நடந்தோம். பகல் உச்சி. ஃபேக்டரியில் என் இடத்தில் இந்நேரம் வேறு எவளாவது உட்கார்ந்து ஆணி நிறுத்துக்கொண்டிருப்பாள். அதை நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டுதான் நடந்தேன், பொய் சொல்வானேன். கின் தான் திடீரென்று நின்றாள்.

"மனு எங்கக்கா?"

வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஏட்டிடம் பேனா கேட்டாள். சைக்கிள் சீட்டின் மேல் காகிதத்தை விரித்தாள். ஏட்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இனிமே நான் உசுரோட கீறேனான்னு பாக்கறதுக்கு நீ கீற இல்ல" என்றாள்.

வீங்காத கண்ணைச் சுருக்கி, வட்ட வட்டமான எங்கள் ஊர் எழுத்தில் தன் பெயரை எழுதினாள். கின் தான். பக்கத்தில் தமிழிலும் எழுதி, கீழே என் வீட்டு விலாசத்தைப் போட்டாள். பிறகு பேனாவை மூடி ஏட்டையாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.